கடலில் இருந்த படகை விற்றேன்

1964 மார்ச் 3, செவ்வாய்

லவ்டே பிரிஸ்டலில் சட்டம் படிக்கிறாள், இரண்டாம் வருடம். இந்தத் துறைமுகத்திலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் என் பேத்தி. அவள் தம்பி ஜோரி படகுப் பந்தயத்தில் இரண்டு தடவை கோப்பை வாங்கியவன். இப்போது அவனுக்குப் பிளிமத்தில் கப்பல் இயந்திரம் படிக்க இடம் கிடைத்துவிட்டது. ஐந்தாம் வகுப்போடு மீன் கொட்டகைக்கு உப்புப் போடப் போன எனக்கு இப்படி இரண்டு பேர்.

ஜோரியும் போய்விட்டால் படகு ஓட்ட வீட்டில் ஆள் இல்லை. அதனால்தான் விற்றேன். நேற்று மாலை ஜோரியும் கூட வேலை செய்யும் ஹெட்லியும் கடைசித் தடவையாக 'விடிவெள்ளி'யில் போனார்கள். இன்று காலைச் சாப்பாடு முடிந்ததும் படகை விலை பேச டென்சில் நான்ஸ் வந்தான். படகு கடலில் இருக்கும்போது விலை பேசக் கூடாது என்பார்கள் இங்கே. "திரும்பி வந்து கயிறு கட்டட்டும், அப்புறம் பேசலாம்" என்றேன்.

"பியூலா அத்தை, ஞாயித்துக்கிழமை தவறாம ஜெபத்துக்குப் போறவங்க நீங்க. படகுக்குக் காது இருக்குன்னு நம்புறீங்களா?"

சிரித்துவிட்டேன். கை குலுக்கினோம். முன்பணம் வாங்கி, வழக்கப்படி ராசிக்கு ஒரு ஷில்லிங்கை அவனிடம் திருப்பிக் கொடுத்தேன்.

மார்ச் 4

வரவில்லை. காற்று தெற்கே திரும்பியிருக்கிறது. அதனால்தான்.

மார்ச் 5

மீட்புப் படகு போய் வந்தது. ஒரு மீன்பெட்டி மட்டும் கொண்டுவந்தார்கள். பச்சைப் பட்டை. நான் அடித்த பெயின்ட்.

படகுக்குக் கேட்டிருக்குமோ? விற்றுவிட்டாள் என்று கேட்டுத்தான் —

எழுத மாட்டேன்.

மார்ச் 6

டென்சில் வந்தான். தொப்பியைக் கழற்றினான், ஆனால் உட்காரவில்லை.

"அத்தை, இந்த நேரத்துல கேக்கக் கூடாது. ஆனா என் பொண்டாட்டி தூங்கவே இல்லை. முங்கின படகு உங்களுதா, என்னுதா?"

"என் பேரன் எங்கேன்னு கேக்காம படகு யாருதுன்னு கேக்க வந்தியா?"

"ஜோரி என் மடியில வளந்த பிள்ளை," என்றான். வாசலில் நின்று அழுதான். பிறகு போய்விட்டான்.

மார்ச் 7

கடைத் தொலைபேசியில் லவ்டே. அழுது முடித்த குரல். டென்சில் கேட்டதைச் சொன்னேன். எனக்கு வேறு கேள்வி இருந்தது: நான் விற்றதால்தான் முங்கியதா? அதை அவளிடம் கேட்கவில்லை.

"பாட்டி, நீங்க கை குலுக்குறதுக்கு முன்னாடியே படகு போயிருந்தா, நீங்க எதையுமே விக்கலை. இருக்குன்னு ரெண்டு பேரும் நம்பி, இல்லாத ஒண்ணுக்கு விலை பேசியிருக்கீங்க. சட்டத்துல அது ஒப்பந்தமே கிடையாது. நடக்காத மாதிரிதான்."

"பின்னாடி போயிருந்தா?"

"அப்போ விற்பனை நடந்தது நடந்ததுதான்."

போனை வைத்த பிறகும் அங்கேயே நின்றேன். முன்னாடியே முங்கியிருக்கணும்னு வேண்டிக்கிறதா? முங்கினதுன்னு ஒத்துக்கிட்டுத்தானே அதைக் கேக்க முடியும்? முடியாது. என்னால முடியாது கர்த்தாவே.

மார்ச் 8, ஞாயிறு

ஜெபத்துக்குப் போகவில்லை.

மார்ச் 9

தந்தி. பிரான்சிலிருந்து. இருவரும் உயிரோடு.

தபால்காரரையும் ஒரு தடவை வாசிக்கச் சொன்னேன்.

மார்ச் 12

ஜோரி சமையலறையில் உட்கார்ந்து ஐந்து முட்டை சாப்பிட்டான். மிதந்து வந்த மரம் ஒன்று அடிப்பலகையைப் பிளந்துவிட்டதாம். ரப்பர் தெப்பத்தில் கிடந்தவர்களை பிரெஞ்சு நண்டுப் படகு ஒன்று தூக்கியிருக்கிறது. செய்தி அனுப்பும் ரேடியோ இல்லாத படகு. பிடித்து முடித்துக் கரைக்குப் போன பிறகுதான் தந்தி.

"எந்த நேரத்துல முங்குச்சு?" என்று கேட்டேன்.

"செவ்வாய்க்கிழமை விடியல்ல பாட்டி. ரேடியோல காலைக் கடல் வானிலையை ஒவ்வொரு கடலாப் பேரு சொல்லி வாசிச்சுக்கிட்டிருந்தான். நம்ம கடல் பேரு வர்றதுக்குள்ள தண்ணி ரேடியோவை மூடிடுச்சு."

அந்த வானிலையை நானும் கேட்டேன். அடுப்புக்கூடப் பற்றவைக்கவில்லை அப்போது. டென்சில் அவன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்திருப்பான். நாங்கள் விலை பேசியபோது, கேட்பதற்குப் படகே இல்லை.

சாயங்காலம் டென்சிலிடம் முன்பணத்தைக் கொடுத்தேன். அவன் சட்டைப்பையிலிருந்து என் ஷில்லிங்கை எடுத்து மேசையில் வைத்தான். "இல்லாத படகுக்கு ராசி எதுக்கு அத்தை?"

படகு எனக்கு நஷ்டம்தான். இருக்கட்டும்.

ஏப்ரல் 5

ஜோரி பிளிமத் போய்ச் சேர்ந்துவிட்டான். முதல் வாரமே ஆசிரியர் பாராட்டினாராம். அடுப்பு மேலே இருக்கும் படத்தில் அவன் 'விடிவெள்ளி'யின் முனையில் நின்று சிரிக்கிறான். பார்த்தால் அந்த மீன்பெட்டிதான் ஞாபகம் வருகிறது. இன்று அவனுக்கு எழுதினேன்: தரையில் கால் தெரிகிற மாதிரி ஒரு புதுப் படம் எடுத்துத் தபாலில் அனுப்பு.