பூட்டைத் திறந்தவர்

வெள்ளி, 9
காலையிலிருந்தே மூடுபனி. டிக்கோயா பஸ்ஸில் நின்றபடி ஆபீஸ். கண்டக்டர் "இஸ்ஸரஹாட்ட யன்ன" என்று ஒரே கத்தல். முன்னால் போக இடம் எங்கே?

ரெஜிஸ்ட்ரியில் இடம் தீர்ந்துகொண்டு வருகிறது. தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் எங்கள் செயலியை, அதற்கு வேண்டியதெல்லாம் சேர்த்துக் கட்டி, இமேஜாக அடுக்கி வைக்கும் சர்வர். நானே நிறுவியது. தராசடிக் கம்ப்யூட்டர்கள் காலையில் எழும்பியதும் இங்கிருந்துதான் புதிய இமேஜை இறக்கும். மழை நாளில் வெளிநாட்டுச் சர்வரை நம்பிப் பட்ட பாடு போதும் என்றுதான் வைத்தேன். கொழும்புத் தலைமை ஆபீஸ் சாருக்கு இது முதலிலிருந்தே பிடிக்கவில்லை. போன மாதம் போனில்: "இன்னொரு தடவை விழுந்தா மூடிட்டு எல்லாத்தையும் இங்க எடுத்துருவோம்." எல்லாத்தையும் என்றால் என் வேலையையும்.

நாளைக்கு: பழைய இமேஜ்கள் அழிக்க. குப்பை அள்ளும் கட்டளை. அதற்கு முன் யாரும் ஏற்றாதபடி ரெஜிஸ்ட்ரிக்குப் பூட்டு. குடைக் கம்பி மாற்ற.

சனி, 10
ஆபீஸ் குழுவில் போட்டேன்: அள்ளி முடியும்வரை யாரும் எதையும் ஏற்ற வேண்டாம். ஏற்றும்போது அள்ளினால் புதிய அடுக்குகளும் குப்பையோடு போய்விடும். என் கடவுச்சொல் போட்டுப் பூட்டினேன். கட்டளையை ஓடவிட்டுக் கீழே முஸ்லிம் நானா கடையில் சோறு. பருப்பில் உப்பே இல்லை.

திரும்பும்போது படியில் சுதாகர் அண்ணன், பையும் கையுமாக. பக்கத்து மேசைக்காரர். பூண்டுலோயாவில் இன்று கோயில் தேர். "வேலையெல்லாம் முடிச்சிட்டேன் தங்கச்சி, பஸ்ஸு போயிரும்." பாவம், ஓட்டமாக ஓடினார்.

திங்கள், 12
மழை. விடியும் முன்பே போன் மேல் போன். ஒரு தராசடியிலும் செயலி எழும்பவில்லை. பட்டியலில் புதிய இமேஜின் பெயர் இருக்கிறது, உள்ளே ஓர் அடுக்கைக் காணோம். அள்ளும்போது யாரோ ஏற்றியிருக்கிறார்கள். பூட்டினேனே! சர்வர் பதிவைப் பார்த்தால் பூட்டைத் திறந்தது என் பெயரில்.

நான் காய்ச்சலில் கிடந்தபோது என் கடவுச்சொல்லைக் கொடுத்தது சுதாகர் அண்ணனுக்கு மட்டும்தான். கேட்டேன்.

"தேருக்குப் போற அவசரம் தங்கச்சி. ஏத்திட்டுத் திரும்பப் பூட்டிட்டேனே!"

பூட்டினாராம். பெரிய உபகாரம்.

"சார்கிட்ட சொல்லிருங்கண்ணே."

"பாப்போம், பாப்போம்."

திரும்பப் போடலாமென்றால் பழைய இமேஜையெல்லாம் சனிக்கிழமையே அழித்தாயிற்று. புதிதாகக் கட்டி ஏற்றுவதற்குள் கொழுந்தெல்லாம் கைத்தராசில் நிறுத்து முடிந்துவிட்டது.

செவ்வாய், 13
கொழும்போடு திரையில் கூட்டம். சார் பதிவைக் காட்டினார். "இது யார் பேர்?"

"என் பேருதான் சார். ஆனா நான் திறக்கல. சுதாகர் அண்ணனைக் கேளுங்க."

அண்ணன்: "எனக்கு ஒண்ணும் தெரியாது சார். நான் தேருக்குப் போயிட்டேன்."

குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. யாரோ சிரித்தார்கள்.

ரெஜிஸ்ட்ரி கொழும்புக்கு. மாற்றிக் கொடுப்பது சுதாகர் அண்ணன். நான் மாத முடிவோடு வேலையை விட்டு நிற்கலாம். நல்லா இருக்கட்டும் அந்த மனிதர். இல்லை, நல்லா இருக்க வேண்டாம்.

லயத்து வீட்டுக்கு வந்தால் அம்மா கூடையைக்கூட இறக்காமல் திட்டிக்கொண்டிருந்தாள். "நேத்து முழுக்க மழையில நின்னு கொழுந்து எடுத்தேன். கைத்தராசுல போட்டு அரைப் பேரு எழுதிட்டான், அரை நாள் சம்பளந்தான். கேட்டா கம்ப்யூட்டரு வேல செய்யலயாம். அதப் பாத்துக்கிறவன் கை வெளங்காமப் போக! ஒங்க ஆபீஸ்தானடி? யாரு அது?"

"நான்தாம்மா."

"போடி, நீ அப்பிடியெல்லாம் செய்ய மாட்ட" என்றுவிட்டு அடுப்பு மூட்டப் போனாள்.