பழைய சாக்கின் முகவரி

பாசமுள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் போய் நாலு வருஷம் ஆகிறது. இத்தனை நாள் உங்களிடம் பேசாமல் இருந்ததற்குக் கோபம் காரணமில்லை, வெட்கம்தான் காரணம். இன்றைக்கு யாழினியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டு வந்தேன். அவளுடைய புது ரிப்போர்ட் என் மடியில் இருக்கிறது. இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

உங்கள் மகள் இப்போது ஆறாவது படிக்கிறாள். உங்களைப் போலவே இடது கையால் எழுதுகிறாள், உங்களைப் போலவே வாய் ஓயாது. போன தை மாசம் ஸ்கூலிலிருந்து ஃபோன் வந்தது, வகுப்பில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள் என்று. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் இரண்டு கிட்னியிலும் கல். அண்ணி ஸ்கேன் ரூம் வாசலிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். உங்களுக்கும் முதலில் கல்தானே வந்தது. அதற்கப்புறம் கிட்னி போனது, நீங்களும் போனீர்கள்.

எத்தனை நாளாக வலி என்று டாக்டரம்மா கேட்டதற்கு ஒரு மாசமாக என்றாள். “ஏங் கண்ணு சொல்லல?” என்று அண்ணி அழுதார். பிள்ளை அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

“சொன்னா திட்டுவீங்கன்னு பயமா இருந்துச்சுங்க அத்தை. தண்ணி குடிக்காமத்தான் அப்பா செத்துப்போனாருன்னு நீங்கதானுங்களே எல்லாத்துகிட்டயும் சொன்னீங்க.”

ஆமாம், நான்தான் சொன்னேன். எல்லாரிடமும் சொன்னதற்கு முன்னால், டயாலிசிஸ் கட்டிலில் நீங்கள் படுத்திருந்தபோது உங்கள் முகத்துக்கு நேராகவே சொன்னேன். “தண்ணி குடி, தண்ணி குடின்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டியா நீ? எல்லாம் நீயா இழுத்துப்போட்டுக்கிட்டதுதான்.” விவரம் தெரிந்த நாளிலிருந்து உங்களை ‘நீங்க’ என்று கூப்பிட்டவள், அன்றைக்குத்தான் முதல் தடவையாக ‘நீ’ என்றேன். “செரி உடு அம்மணி” என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். பத்து நாளில் எல்லாம் முடிந்துவிட்டது.

உக்கடம் பார்சல் ஆபீசுக்குத் தினமும் இரண்டு பாட்டில் சிறுவாணித் தண்ணீர் கொண்டுபோவீர்கள். சாயங்காலம் இரண்டும் காலியாகத்தான் திரும்பி வரும். மாடியில் குடியிருந்த எனக்கு அது தெரியாதா? இருந்தாலும் யார்மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. கையருகில் நீங்கள்தான் இருந்தீர்கள்.

யாழினி கதைக்கு வருகிறேன். சின்ன வயசிலேயே இரண்டு பக்கமும் கல், அப்பாவுக்கும் கிட்னி போயிருக்கிறது, நீங்கள் கட்டியதோ சொந்த மாமன் மகளை. இதையெல்லாம் கேட்டுவிட்டு டாக்டரம்மா ரத்தம் எடுத்து ஜீன் டெஸ்டுக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று ஒரு காகிதத்தில் வட்டம் போட்டார்.

“இது ஈரல்ல இருக்கற ஒரு செல்லுன்னு வெச்சுக்குங்க. இதுக்குள்ள நெறைய ரூம் இருக்குதுங்க. செல்லு செய்யற புரோட்டீன் எந்த ரூமுக்குப் போகோணுமோ, அந்த முகவரி அதும்மேலயே இருக்கும்.”

கல்லாகிற உப்பு உடம்பில் சேராமல் பார்த்துக்கொள்ளும் புரோட்டீன் ஒன்று இருக்கிறதாம். அது வேலை செய்ய வேண்டிய அறைக்கு பெராக்ஸிசோம் என்று பெயர். அந்த அறையின் முகவரி புரோட்டீனின் வால் பக்கம் இருக்கிறது. சில குடும்பங்களில் அதன் தலைப்பக்கம் இன்னொரு முகவரியும் இருக்குமாம், மைட்டோகாண்ட்ரியா என்கிற வேறு அறைக்கு. நூல் மாதிரி நீளமாக உருவாகிற புரோட்டீன் சட்டென்று மடிந்துகொண்டால் அந்த அறைக்குள் நுழைய முடியாது, சரியான இடத்துக்குப் போய்விடும். யாழினியின் புரோட்டீன் மடிவதற்கு நேரமாகிறது. அதற்குள் தலைப்பக்க முகவரியைப் பார்த்துத் தப்பான அறை அதை உள்ளே இழுத்துவிடுகிறது. அங்கே போய் உட்கார்ந்துகொண்டு அது யாருக்கு என்ன செய்யும்?

“அப்ப புரோட்டீனே கெட்டதுங்களா?” என்று கேட்டேன்.

“இல்லீங்க, வேலை செய்யற புரோட்டீன்தான். எடம் மாறிப் போயிருது.”

அண்ணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. சலீம் பாய் ஞாபகத்துக்கு வந்தார்.

உங்கள் ஆபீசில் லாரிக்குச் சரக்கு ஏற்றும் அதே பாய்தான். பல்லடத்திலிருந்து வந்து மதுரைக்குப் போக வேண்டிய துணி மூட்டையை ஈரோடு லாரியில் ஏற்றிவிட்டார், ஞாபகம் இருக்கிறதா? மூட்டையைப் பழைய சாக்கில் கட்டியிருந்தார்கள். முன்பக்கம் மையால் எழுதிய பழைய ஈரோட்டு மார்க் அழியாமல் இருந்தது, மதுரை மார்க் பின்பக்கம். முதலாளி பாயைப் பிடித்து எகிறியபோது நீங்கள் குறுக்கே போனீர்கள். “ஏனுங்க அவரத் திட்டறீங்க? முன்னால தெரிஞ்ச ஊருக்கு ஏத்திப்போட்டாரு. சரக்கு மேலயும் குத்தமில்ல, பாய் மேலயும் குத்தமில்ல.” ஞாயிற்றுக்கிழமை லீவைத் தொலைத்து ஈரோட்டுக்கே போய் மூட்டையை மீட்டு வந்தீர்கள். அதற்கப்புறம் பழைய சாக்கு எது வந்தாலும், பழைய மார்க் உள்ளே போகிற மாதிரி மடித்துத் தைக்கச் சொல்வீர்கள்.

இதை டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “அதேதானுங்க. பி6 விட்டமின் மாத்திரை குடுத்தா இந்த வகைக்காரங்களுக்குப் புரோட்டீன் சீக்கிரம் மடியும். அளவு நான்தான் சொல்லோணும், எல்லாத்துக்கும் கேக்கும்னும் சொல்ல முடியாது. பாப்பாவுக்குக் கேக்குதான்னு பாப்போம்.”

மூணு மாசம் ஆயிற்று. இன்றைய ரிப்போர்ட்டில் அந்த உப்பு பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. கேட்கிறது அண்ணா, நம் பிள்ளைக்குக் கேட்கிறது.

பீரோவில் கிடந்த உங்கள் பழைய ஃபைலையும் கொண்டுபோயிருந்தேன். டாக்டரம்மா நிதானமாகப் புரட்டினார். “இவருக்கும் இதேதான் இருந்திருக்கோணும். தண்ணி முக்கியந்தானுங்க, பாப்பாவும் நெறையக் குடிக்கோணும். ஆனா இவரு தண்ணி குடிக்காம வரவெச்ச நோவு இல்லீங்க இது.”

சாதாரண மெடிக்கல் கடையில் கிடைக்கிற மாத்திரை அண்ணா. நாலு வருஷத்துக்கு முன்னாலும் அது அங்கே இருந்திருக்குமே? உங்களைத் திட்டிய நேரத்தில் நான் யாரையாவது கேட்டிருக்கலாம் இல்லையா? பாய்க்காகப் பேச நீங்கள் இருந்தீர்கள். உங்களுக்காகப் பேச நாங்கள் ஒருத்தரும் இல்லாமல் போய்விட்டோம்.

திரும்பி வரும்போது பஸ் உக்கடம் குளத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. யாழினி தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டே கேட்டாள்.

“அப்ப அப்பா மேல தப்பு இல்லீங்களா அத்தை?”

“இல்ல கண்ணு. அப்பா மேலயும் இல்ல, உன்ற மேலயும் இல்ல. அத்தைதான் தெரியாமப் பேசிப்போட்டேன்.”

பாட்டிலைப் பைக்குள் வைத்தாள். அப்புறம், “இத அப்பாகிட்டச் சொல்லிட்டீங்களா?” என்றாள்.

அதற்காகத்தான் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக இதை எழுத உட்கார்ந்தேன்.

அடுத்த மாசம் உங்கள் திதிக்குச் சொந்தபந்தம் எல்லாம் வரும். யார் யாரிடம் உங்களைக் குற்றம் சொன்னேனோ, அத்தனை பேர் முன்னாலும் எழுந்து நின்று, தப்பு உங்களுடையது இல்லை என்று சொல்வேன். யாழினி எப்போது வலிக்கிறது என்று சொன்னாலும், ஏன் என்று அதட்டாமல் முதலில் கையைப் பிடித்துக்கொள்வேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
ஒரே ஒரு நாள் உங்களை ‘நீ’ என்று சொல்லிவிட்ட தங்கச்சி,
சுமதி