பின்வைப்பு என்னும் பெயரைச் செதுக்கி எறிந்த குருந்தமலைத் தலைவருக்கு

நுரையாறு வற்றாது ஓடுக. அதன் இருகரையும் பசுமை மாறாதிருக்க. நெடுவயல் நாட்டை ஆளும் மன்னர் வெண்கொற்றத் தேவரின் திருவாணைப்படி, முதலமைச்சர் நெடுஞ்சேந்தனார் சொல்ல, அவர் சினம் ஒரு சொல்லும் குறையாமல் ஓலைக்கணக்கர் எழுதியது. குருந்தமலைக் கோட்டைத் தலைவரும், மலைப்படைக்கு முதலியும், தம் குலப்பெருமையைத் தாமே பேசுவதில் ஒப்பாரில்லாதவருமாகிய வீரமழவர் காண்க. உமது மலை குளிர்க. உமது குடிகள் நலம் பெறுக. உமக்கும் நலம் கூறுவது ஓலை மரபு ஆதலின், அதுவும் கூறப்பட்டது.

நாட்டின் உடன்படிக்கைகளும் நிலவுரிமைச் சாசனங்களும் தலைநகரில் அரசவைப்பு என்னும் மனையில் இருந்தன. எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தால் ஒரே கேட்டில் அழிந்துபோகும் என்று அஞ்சிய அமைச்சர், ஒவ்வோர் ஓலைக்கும் படி எடுத்துத் தொலைவில் வைக்க ஆணையிட்டு, அதற்கென உமது கோட்டையின் கருங்கல் அறையைத் தேர்ந்தார். அந்த அறைக்குப் பின்வைப்பு என்று பெயர். அப்பெயரை வாயில்நிலையில் பொறித்து, மலையடிவாரத்து அஞ்சல் நிலையமான ஆலஞ்சாவடிக்கும் தெரிவித்து, அச்சாவடி வழியே அப்பெயரோடு வரும் கட்டுகளை ஏற்று அடுக்குவது ஒன்றே உமது கடமை. அஞ்சலோட்டிக்கு உமது குலமும் தெரியாது, கோத்திரமும் தெரியாது. கட்டின் மேல் என்ன பெயரோ, அந்தப் பெயருள்ள வாயிலுக்கு ஓடுவான். ஆகவே ஒரு பெயருக்கு ஒரு வாயில் என்பதே அஞ்சல் வழியின் உயிர். உமது குதிரைலாயத்தாருக்கும் விளங்கும் இது உமக்கு விளங்காமற் போயிற்று.

பின் என்ற சொல் உமக்குச் சுட்டதாம். மழவர் குலம் எப்போரிலும் பின்னால் நின்றதில்லை, பின் என்று தொடங்கும் எதுவும் இக்கோட்டைக்குள் இருக்கலாகாது என்று அவை நடுவே மீசையை முறுக்கினீராம். தச்சரை வருவித்து, நிலையில் இருந்த பெயரைச் செதுக்கி எறிந்து, அங்கே அரசவைப்பு என்று பொன்பூச்சில் எழுதச் செய்தீராம். அடேயப்பா, என்ன வீரம்! பகைவர் ஒருவரும் இல்லாத இடத்தில் ஒரு சொல்லை வெட்டி வீழ்த்திய உமக்கு எந்த நாட்டில் நடுகல் நடுவது என்று அமைச்சர் கேட்கிறார்.

அதன்பின் நடந்த கூத்தைக் கேளும். பின்வைப்பு என்னும் பெயரோடு வந்த கட்டுகளை, அப்படி ஒரு மனை இங்கே இல்லை என்று உமது வாயில்காவலர் திருப்பி விரட்டினர். மலையேறி வந்த களைப்பும் ஆறாமல் ஓட்டி அவற்றை ஆலஞ்சாவடிக்கே சுமந்து போனான். சாவடித் தலைவர் என்ன செய்வார், பாவம்! நீர் எந்தப் பெயரைக் கேட்டீரோ அந்தப் பெயரையே கட்டின் மேல் எழுதி வைத்தார். அடுத்த முறைக்கு வந்த ஓட்டி அரசவைப்பு என்று படித்தான். அவன் அறிந்த அரசவைப்பு தலைநகரில்தானே இருக்கிறது! அங்கே ஓடினான். தன் மனையின் பெயரைக் கண்ட அரண்மனைக் காவலன் கட்டை வாங்கி உள்ளே வைத்தான். இப்படியே, மூலம் இருந்த அறையிலேயே படியும் வந்து சேர்ந்தது. உமது கருங்கல் அறையில் காற்று மட்டுமே குடியிருந்தது.

சென்ற கோடையில் அரசவைப்பின் மேல் இடி விழுந்தது. கூரை சரிந்து எரிகையில் ஊரே அலறிற்று. அமைச்சர் ஒருவரே கலங்காமல் நின்றார். ஓலை போனால் என்ன, படி மலைமேல் பத்திரமாக இருக்கிறது என்று அழுதவர்களைத் தேற்றினார். நுரையாற்று நீர்ப்பங்கீட்டு உடன்படிக்கையின் படியை உடனே அனுப்புக என்று பின்வைப்புக்கு ஓலை விடுத்தார். சாம்பல் இன்னும் புகைந்துகொண்டிருந்த வாயிலுக்கு மூச்சிரைக்க ஓடிவந்த அஞ்சலோட்டி, அரசவைப்புக்கு ஓலை என்று கூவி ஒன்றை நீட்டினான். அமைச்சர் கையில் வாங்கிப் பார்த்தார். தம் இலச்சினை, தம் ஓலை. மேலே பெயர் மட்டும் மாறியிருந்தது. அக்கணமே அவருக்கு எல்லாம் விளங்கிற்று. அந்தச் சாம்பலிலேயே உட்கார்ந்துவிட்டார். அவரை அந்நிலையில் எவரும் முன்பு கண்டதில்லை.

காரணம் கேட்டு வந்த குதிரைவீரரிடம் நீர் சொல்லிவிட்ட மறுமொழியும் வந்தது. கட்டு வந்திருந்தால் காத்திருப்போம், வரவில்லை, அதற்கு மழவர் எப்படிப் பொறுப்பாவார் என்றீராம். வெட்கம் என்ற ஒன்று அந்த மலைக்கு ஏறி வருவதே இல்லையா?

அரசவைப்பு எரிந்த செய்தி கேட்டதும், நுரையாற்று அணையைக் கையில் வைத்திருக்கும் வடகரை வேந்தருக்கு வாயெல்லாம் பல். உடன்படிக்கையைக் காட்டினால் நீர், இல்லையேல் அணையை அடைப்போம் என்று ஆள் விட்டார். அவரிடம் உள்ள ஓலை என்ன ஆயிற்று என்று கேட்டதற்குச் செல்லரித்துப் போயிற்றாம். சொல்லும்போதே அவருடைய தூதர் சிரித்தாராம். கடைமடைக் குடிகளின் தலைவி நங்கைசானி அமைச்சரின் வாயிலுக்கு வந்து, நாற்று பறிக்கிற பருவம் ஆகிவிட்டது, தண்ணீர் வருமா வராதா, ஒரே சொல்லில் சொல்லுங்கள் ஐயா என்று கேட்டு நின்றார். அமைச்சர் அன்றே வடகரைக்குப் பேச ஆள் விட்டார். நங்கைசானியின் வயிற்றெரிச்சல் உம்மைச் சும்மா விடாது.

இனி ஆணை கேளும். வடகரையாருடன் புதிய உடன்படிக்கை பேசி முடிக்கப்பட்டது; கடைமடை வரை நீர் வரும். அதற்கு விலையாக அவர்கள் கேட்டது குருந்தமலையின் வடசரிவுக் காடும், அதில் திரியும் யானைகளும், அதன் ஊடே மலையிறங்கும் ஒற்றை வழியும். மன்னர் இசைந்தார். இனிப் படிகள் கடைமடையில் இருக்கும். பின்வைப்பு என்ற பெயரை வைத்துக்கொள்வதில் தடை உண்டா என்று கேட்டபோது, தண்ணீர் கிடைத்தால் எங்கள் வீட்டுச் சுவரிலேயே எழுதிக்கொள்ளுங்கள் என்று நங்கைசானி கூறினார்.

தலைநகர் மனை சாம்பலானபடியால், அரசவைப்பு என்னும் அதன் பெயர் நீக்கப்பட்டது. சாவடிகள் அனைத்துக்கும் அறிவித்தாயிற்று. இன்று இந்நாட்டில் அப்பெயர் தாங்கிய வாயில் உம்முடையது ஒன்றே. உடன்படிக்கைப்படி அரசவைப்பில் வைத்துக் காட்டைக் கையேற்க வரும் வடகரைத் தூதர், அது எங்கே என்று ஆலஞ்சாவடியில் கேட்பர். சாவடித் தலைவர் இம்முறை தவறாமல் உமது மலையைக் காட்டுவார். பொன்பூச்சு மங்காமல் துடைத்து, நீரே வாயிலைத் திறந்து, நீரே கைச்சாத்திட்டு, காட்டை அவர்களிடம் ஒப்படைக்கக் கடவீர். மறுத்தால் மன்னரின் படை வரும். அதற்கும் வழி தெரியும்.

இவ்வோலையை அஞ்சலில் விடாமல், அமைச்சர் தம் குதிரைவீரர் கையில் கொடுத்து, உமது முகம் பார்த்துத் தரச் சொல்லியிருக்கிறார். நுரையாற்று மதகு பொறித்த இலச்சினை கீழே இடப்பட்டது. கைச்சாத்திட்ட நாழிகை முதல் மலையிறங்கும் வழி வடகரையாருக்கு உரியது. இறங்கிவர விரும்பினால் அவர்களிடம் இசைவு கேட்டுக்கொள்க. இது ஆணை.