சிவப்பு டேப்பில் நின்ற சீட்

அன்பு மகள் வீர்லேவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் அதன் இஷ்டத்துக்கு நடக்கிறது. கனடாவில் நீ நலம் என்று போனில் சொன்னாலும் உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. நீ கேட்கத் தயங்கியதை நானே சொல்கிறேன். ஆமாம், உன் தம்பி யோரிஸ் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நம் ஊர்ச் சேற்றுப் பந்தயத்தில் சைக்கிள் ஓட்டினான். அண்ணன் வான்னஸ் அங்கே விழுந்து நம்மை விட்டுப் போனதிலிருந்து நம் வீட்டில் யாரும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இவனுக்கு என்ன வந்ததோ, பாதியில் சேறு அப்பினால் மாற்றி ஓட்டும் சைக்கிளாக அண்ணனுடையதையே எடுத்துக்கொள்கிறேன் என்றான். நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. உன் அப்பாவாவது தடுப்பார் என்று பார்த்தால், அவர் கொட்டகைக்குப் போய்ச் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறார்!

அந்தச் சைக்கிளின் சீட் கம்பியில் வான்னஸின் உயரத்துக்குச் சிவப்பு டேப் ஒட்டியிருப்பது உனக்குத் தெரியும். யோரிஸ் குட்டையன், அவனுக்காக அப்பா ஒரு வெள்ளை டேப் ஒட்டி, காலையில் என் கண்ணெதிரே சீட்டை இறக்கி முறுக்கினார். வரமாட்டேன் என்றிருந்த நான் பட்டாணி சூப்பைக் குடுவையில் ஊற்றிக்கொண்டு போய்விட்டேன். ஒரே பனிமூட்டம், மேலே சேறு, அடியில் கல்லாக உறைந்த மண். சைக்கிள் மாற்றுகிற இடத்தில் அப்பா வான்னஸின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். வான்னஸ் விழுந்த அன்றைக்கும் இப்படித்தான் கழுவித் துடைத்து வைத்துக்கொண்டு நின்றார், அவன் வரவேயில்லை. அந்த நிற்பைப் பார்க்க முடியாமல் நான் சரிவுக்குப் போய்விட்டேன். வான்னஸ் மோதிய மரத்தில் இப்போது வைக்கோல் கட்டு வைத்துக் கட்டுகிறார்கள், யாருக்காகவோ.

மதுக்கடை நெஸ்டர் அங்கேயும் பீரும் கையுமாக நின்றான். யோரிஸ் ஒவ்வொரு முறை வரும்போதும், "டேய், நீ சைக்கிள ஓட்டுறியா, அது ஒன்ன ஓட்டுதா?" என்று கத்தினான். கடைசிச் சுற்றில் யோரிஸ் அண்ணனின் சைக்கிளில் வந்தான். உட்காரவே இல்லை, நின்றபடியே மிதித்து வந்தான். சரிவின் உச்சியில் சட்டென்று இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாக நடந்தான். "எறங்கிட்டான்டா! வான்னஸ் தம்பி எறங்கிட்டான்!" என்று நெஸ்டர் சிரித்தான். அப்புறம்தான் கீழே பனிமூட்டத்துக்குள் முனகல் கேட்டது. முன்னால் போன இருவர் ஒருவர்மேல் ஒருவராக, அந்த மரத்தடியிலேயே கிடந்தார்கள். ஒருவனுக்குத் தோள் எலும்பு முறிந்திருந்தது. இவனும் ஓட்டிக்கொண்டு இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்! நெஸ்டர் பீரைக் கீழே வைத்துவிட்டு அவர்களைத் தூக்க ஓடினான்.

பந்தயம் முடிந்து வந்த யோரிஸ் அப்பாவிடம், "ஏம்ப்பா சீட்ட ஏத்தி வச்ச? காலே எட்டல. சரிவுல பின்னால சாயவும் முடியல, அதான் எறங்கிட்டேன்" என்றான். அப்பா கம்பியில் இருந்த சேற்றைக் கட்டைவிரலால் வழித்தார். சீட் சிவப்பு டேப்பில் நின்றது. "நான் தொடவே இல்ல கோடலீவ்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அவர் கோட்டுப் பையில் ஸ்பேனர் இருந்ததே, காத்து நின்ற நேரத்தில் பழகிய கை தானாக ஏற்றியிருக்கும் என்றேன். அவர் ஸ்பேனரை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார். நான் பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை, அது உனக்கே தெரியும்.

வீட்டுக்கு வந்து அப்பா சீட்டை இறக்கப் போனபோது யோரிஸ்தான் தடுத்தான். "இருக்கட்டும்ப்பா, அண்ணன் இன்னும் எறங்கல போல" என்று சிரித்தான். நாங்கள் சிரிக்கவில்லை. அதிலிருந்து கொட்டகையில் அது அப்படியே நிற்கிறது. உருளைக்கிழங்கு எடுக்கப் போகும்போதெல்லாம் முதலில் அந்தக் கம்பியைத்தான் பார்க்கிறேன். பயமாக இருக்கிறது வீர்லே. ஒருநாள் போய்ப் பார்க்கும்போது சீட் கீழே இறங்கியிருந்தால், அன்றோடு வான்னஸ் போயே போய்விட்டான் என்று ஆகிவிடுமே, அந்தப் பயம்தான்.

கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், பேரன் பேத்தி எடுத்து நீண்டகாலம் நன்றாக இரு. நீயும் அங்கே பனியில் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறாய். வழுக்கும் இடம் வந்தால் இறங்கி நட, யார் சிரித்தாலும் சிரிக்கட்டும். உன் அண்ணன் ஒருநாளும் இறங்கியதில்லை.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அம்மா,
கோடலீவ்