கண்டக்டர் கேள்வியில் இல்லை

சரோஜினி நகர், புது தில்லி
நவம்பர் 1981

அன்புள்ள வல்லிக்கு,

இவ்வளவு நாள் பேசாமல் இருந்தது போதும். இங்கே இருவரும் சௌக்கியம், குளிர் ஆரம்பித்துவிட்டது. சென்னையில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பதாக அம்மாவுக்கு வரும் கடிதங்களிலிருந்து தெரிகிறது, எனக்குத்தான் நீ எழுதுவதில்லையே. மேனேஜ்மென்ட் நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும்போது தப்பாகப் போட்ட கேள்விகளைப் பக்கத்து வீட்டு வைத்தியிடம் காட்டச் சொல்லி அம்மாவுக்கு அனுப்பியிருந்தாய், அப்பாகிட்ட வேண்டாம், அவர் எதைச் சொன்னாலும் அதுல ஒரு ஊசி இருக்கும் என்றும் எழுதியிருந்தாய். வைத்தி அவற்றை வைத்துப் பார்த்துவிட்டு, எனக்கே பிடிபடலை மாமி, மாமாகிட்டயே குடுங்கோ, குத்தம் கண்டுபிடிக்கறதுல அவரை மிஞ்ச ஆளில்லை என்று திருப்பித் தந்துவிட்டான்.

கோபத்தோடுதான் பிரித்தேன், ஆனால் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. நீ செய்த தப்புகள் எல்லாம் ஒரே ஜாதி. புதுப் பேருந்துகள் விட்ட மாதத்தில் பயணிகள் குறைந்தார்கள், ஆகவே புதுப் பேருந்துகள் அவர்களுக்குப் பிடிக்கவில்லை, இந்த வாதத்தை எது பலவீனமாக்கும் என்று ஒரு கேள்வி. கொடுத்திருந்த விடைகளில் கண்டக்டர்கள் மரியாதையில்லாமல் பேசுகிறார்கள் என்பதை எடுத்திருக்கிறாய். தில்லியில் வளர்ந்தவள் வேறு எதை எடுப்பாய், ஆனால் கண்டக்டர் முந்தின மாதமும் அப்படித்தானே பேசியிருப்பான்? அந்த மாதம் வழியிலிருந்த ஆலையை மூடிவிட்டார்கள் என்பதுதான் விடை. உனக்குத் தெரிந்த உலகத்தை வெளியே நிறுத்திவிட்டு, தாளில் இருப்பதை மட்டும் பார். முதலில் கேள்வியைப் படி, பிறகு பத்தியைப் படி, முடிவு எந்த வாக்கியம் என்று கோடு போட்டுக்கொள். வாதத்தில் எதைச் சொல்லாமலே உண்மையென்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டால், ஒவ்வொரு விடையையும் இல்லை என்று திருப்பிப் பார், எதைத் திருப்பினால் வாதம் சரிகிறதோ அதுதான் விடை. எல்லாரும், ஒருபோதும் என்று பெரிதாகப் பேசும் விடைகளை உடனே நம்பாதே.

அதிகாரியோடு தினமும் தேநீர் குடித்தவனுக்குப் பதவி உயர்வு கிடைத்தால் தேநீர்தான் காரணம் என்று சொல்ல முடியாதாம், அப்படியும் ஒரு கேள்வி. ஆபீஸில் என்னைத் தாண்டி மேலே போன கஸ்தூரிரங்கன் விஷயத்தில் இதை நான் ஏற்கவில்லை. ஆபீஸை இதுல ஏன் இழுக்கறேள் என்று உன் அம்மா சிரிக்கிறாள். இன்னொன்றையும் போட்டுப் பார்த்தேன், புத்தகத்தில் இல்லாதது. பெண் சண்டை போட்டுக்கொண்டு ஊரை விட்டுப் போனாள், ஆகவே நாங்கள் வேண்டாமென்று போனாள். நடுவில் ஒரு படி காணோம். எவ்வளவு யோசித்தும் எனக்குக் கிடைக்கவில்லை, உனக்குத் தெரிந்தால் எழுது.

இந்தத் தடவையும் தேறாவிட்டால் விட்டுவிட்டு இன்ஷூரன்ஸ் ஆபீஸ் கிளார்க் வேலையிலேயே இருந்துவிடுவேன் என்று அம்மாவுக்கு எழுதியிருக்கிறாய். வேண்டாம். ஒரே நாற்காலியில் தலை நரைப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உன் புத்திக்குக் குறையில்லை, அவசரம்தான்.

டிசம்பர் பரீட்சை நல்லபடியாக முடியட்டும், எங்கள் இருவரின் ஆசீர்வாதம் உண்டு. கைக்கடிகாரத்துக்கு மறக்காமல் சாவி கொடு. சொன்னவன் யார் என்பதை வைத்து ஒரு வாதத்தைத் தள்ளக்கூடாது என்று உன் கேள்விகளில் ஒன்று சொல்கிறது. அதனால் கீழே என் பெயரை எழுதாமல், இப்படியே ஒட்டித் தபாலில் போடப் போகிறேன்.