மெட்ராசுக்கு மாற்றல்

கான்பூர்,
9.6.1963

அன்புள்ள அல்போன்சாவுக்கு,

இங்கே வெயிலில் கதவுப் பிடியைத் தொட முடியவில்லை. மற்றபடி சுகம். நீயும் குழந்தை மதலேனாவும் எப்படி இருக்கிறீர்கள்?

மாற்றல் என்னாயிற்று என்று மறுபடியும் கேட்டிருக்கிறாய். கரக்பூர், பம்பாய், மெட்ராஸ், கான்பூர், டில்லி என்று எங்கள் தொழில்நுட்பக் கல்லூரிகள் ஐந்து. ஐந்துக்கும் ஒரே சட்டம், பையன்களுக்கு ஒரே நுழைவுப் பரீட்சை. எல்லாவற்றுக்கும் மேலே மந்திரி தலைமையில் ஒரு கவுன்சில். அவர்கள் உத்தரவு இல்லாமல் நான் இங்கிருந்து நகர முடியாது. இந்த ஊர்ப் பாஷையும் குளிரும் உங்களுக்கு ஒத்துவராது. மெட்ராஸ் கிடைக்கட்டும், பொறுத்துக்கொள்.

அன்புடன்,
அருளானந்தம்

சிங்கப்பூர்,
14.7.1963

அன்புள்ள மதலேனா அப்பாவுக்கு,

குழந்தைக்குச் சளி விட்டுவிட்டது. இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள்.

போன சனிக்கிழமை தேக்கா மார்க்கெட்டில் பாலகிருஷ்ணன் சாரைப் பார்த்தேன். இங்கே உங்களோடு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தியவர், இப்போது மெட்ராஸ் கல்லூரியில் இருக்கிறாராம், லீவில் வந்திருக்கிறார். நான்தான் வாயைக் கொடுத்தேன். “கவுன்சில் எப்ப சார் எங்க வீட்டுக்காரர விடும்?”

அவர் சிரித்துவிட்டார். “கவுன்சிலா? அது அஞ்சுக்கும் பொதுவானதத்தான் பாக்கும். ஒவ்வொரு காலேஜுக்கும் தனி போர்டு, ஆள் எடுக்கிறது அவங்கதான். மாத்தல்னு ஒண்ணே கிடையாது லா. எங்க டைரக்டரே அவரக் கூப்பிட்டாரு, வரலன்னு எழுதிட்டாரே. உங்களுக்குத் தெரியாதா?”

தெரியும் என்று தலையாட்டினேன். கூட வந்த மார்த்தா அக்கா என் முகத்தைப் பார்க்காமல் கத்தரிக்காயைப் புரட்டிக்கொண்டே இருந்தார். அதுதான் தாங்கவில்லை. தெருவிலும் லூர்து மாதா கோயிலிலும் பார்த்தவர்களிடமெல்லாம் கவுன்சில், கவுன்சில் என்று சொல்லித் திரிந்தவள் நான். இப்போது பின்சந்து வழியாக வேலைக்குப் போகிறேன்.

ஏன் வரவில்லை என்று எழுதினீர்கள்?

அல்போன்சா

கான்பூர்,
11.8.1963

அல்போன்சா,

எழுதக் கை வரவில்லை. மெட்ராசில் பாலகிருஷ்ணனைப் போல சிங்கப்பூரில் இருந்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் மனைவிமார் பிரசவத்துக்கு உன் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது பெட்பேன் எடுத்த ஆயா நீ. அவர்கள் நடுவே நீ புரொபசர் மனைவியாகப் போய் உட்காருவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இப்படி நினைத்ததற்கும் வெட்கப்படுகிறேன்.

இங்கே யாருக்கும் ஒன்றும் தெரியாது. நீ நர்ஸ் என்று சொல்லியிருக்கிறேன். வீடும் தருகிறார்கள். கான்பூருக்கே வந்துவிடு.

உன்,
அருளானந்தம்

சிங்கப்பூர்,
22.9.1963

மதலேனா அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த மறுநாள் வார்டில் ஒரு அம்மா “ஆயா” என்று கூப்பிட்டார். திரும்பிப் பார்க்கக் கூசியது. இத்தனை வருஷத்தில் அப்படி எனக்கு இருந்ததில்லை. நீங்கள் எழுதி அனுப்பிய கூச்சம் அது.

மார்த்தா அக்கா வீட்டுக்கு நானே போனேன். “கவுன்சில்லாம் ஒண்ணுமில்லக்கா. அவருதான் வேணாம்னுட்டாரு.”

“ஏண்டி?”

“நான் ஆயாங்கிறதால.”

 அக்கா தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தார். வரும்போது பெரிய ரோட்டு வழியாகவே வந்தேன், தலை நிமிரவில்லை என்றாலும்.

கான்பூருக்கு நான் வரமாட்டேன். நர்ஸ் என்று நம்பி யாராவது ஊசி போடச் சொன்னால் என்ன செய்வேன்?

மகளைப் பார்க்க நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். பள்ளிக்கூடத்தில் அம்மாவுக்கு என்ன வேலை என்று கேட்டால், ஆஸ்பத்திரியில் ஆயா என்று சத்தமாகச் சொல்கிறாள். அவளிடம் மெதுவாகப் பேசச் சொல்லாதீர்கள்.

அல்போன்சா