அக்காவின் எழுத்து சிறுத்த காலம்

மார்ச் 3, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். கடல் பக்கமிருந்து காற்றே இல்லை. அரை நாள் லீவு. வடக்கிலிருந்து வந்து கொழும்பில் தங்குபவள் என்று பொலிஸில் அக்காவின் பதிவைப் புதுப்பிக்க வேண்டும்.

செய்தவை: பதிவு (இரண்டு மணி நேர வரிசை). மண்ணெண்ணெய். அக்காவுக்குச் செருப்பு, பின்பக்கம் வார் வைத்தது. பழையது நடக்கும்போது கழன்றுவிடுகிறது. காலைத் தூக்காமல் இழுத்து நடக்கிறாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து என்னிடம் வந்து ஐந்து மாதம். ஐம்பத்தேழு வயது, என்னைவிட எட்டு மூப்பு. முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவள். இடம்பெயர்ந்த பள்ளிக்கூடத்தில் கரும்பலகை இல்லையென்று யாரோ வீட்டுக் கதவைக் கழற்றி அதில் எழுதிப் படிப்பித்தாளாம். அவளுடைய மாணவி ஒருத்தி சொல்லித்தான் தெரியும். எனக்கு அதில் நிறையப் பெருமை. அவளிடம் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை.

படிவத்தில் கையொப்பம். "சரோஜினி". முதல் எழுத்து சரியான அளவு, கடைசி எழுத்து எள்ளளவு. பொலிஸ்காரர் பழைய படிவத்தோடு இரண்டு தரம் ஒப்பிட்டுப் பார்த்தார்.

மார்ச் 5, புதன்

வீட்டில் அக்காவின் பின்னேர டியூஷன் வகுப்பு. முன்னறையில் ஆறு பெண்பிள்ளைகள், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிப்பவர்கள். அக்கா பலகையில் எழுத எழுத வரி சிறுத்துக் கீழே சரிகிறது. பின்னால் இருந்த ஒருத்தி: "எறும்பு ஊர்வலம் போகுதடி." பக்கத்தில் இருந்தவள்: "உஷ். டீச்சர் கோவமா இருக்கிறா, முகத்தைப் பார்."

கோபமில்லை. இப்போது முகம் எப்போதும் அப்படித்தான். கண் சிமிட்டுவதுகூடக் குறைவு. குரலும் இறங்கிவிட்டது, முன்வரிசைக்கு மட்டும் கேட்கிறது.

பக்கத்து வீட்டு மாமி படியில் மறித்து: "பிள்ளை, கொக்காவுக்கு எல்லாம் உள்ளுக்குள்ள யோசனை. அங்க பட்டதெல்லாம் இப்பதான் வெளியில வருது. ஒரு அர்ச்சனை செய்விச்சு விடு."

எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். போர் இருப்பதால் எந்த வருத்தத்துக்கும் காரணம் தயாராக இருக்கிறது. யோசனை கையெழுத்தைச் சிறுக்க வைக்குமா? எனக்கு நம்பிக்கையில்லை. வேறு காரணமும் தெரியவில்லை.

மார்ச் 8, சனி

கொட்டாஞ்சேனை டொக்டரிடம். அப்பா வழியில் தூரத்து உறவு. வழியில் சோதனைச் சாவடி, பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கினார்கள். சிப்பாய்க்கு இருபது வயதிருக்கும். அக்காவிடம்: "கொஹேத யன்னே?" எங்கே போகிறாய் என்று கேட்கிறான் என்பது அக்காவுக்கு விளங்கும். பதில் வர நேரமாகிறது. அடையாள அட்டை எடுக்கப் பைக்குள் போன கை அங்கேயே நடுங்கிக்கொண்டு நின்றது. முகத்தில் பயமும் இல்லை, பணிவும் இல்லை. அவனுக்கு அதுதான் சந்தேகம். துப்பாக்கி வாரைத் தோளில் இழுத்துவிட்டான்.

"அசனீபாய் மல்லி, பெஹெத் கண்ட யன்னே" என்றேன். சுகமில்லை தம்பி, மருந்தெடுக்கப் போகிறோம். அவனே பைக்குள் கைவிட்டு அட்டையை எடுத்துப் பார்த்தான். திரும்ப வைத்தான். பையின் சிப்பையும் இழுத்து மூடிவிட்டான்.

பஸ்ஸில் ஏறியபின் அக்கா மெல்ல: "உன்ரை சிங்களத்துக்குப் பாஸ் மார்க் போடலாம்." சிரிக்காமல் சொன்னாள்.

டொக்டர் மணிக்கட்டை மடக்கிப் பார்த்தார், நடக்கவிட்டுப் பார்த்தார். "வேறை மருந்து ஏதும் எடுக்கிறியளோ?"

அக்கா: "ஒண்டுமில்லை."

"பார்க்கின்சன்ஸ்தான். சந்தேகமில்லை. இனி எந்நாளும் மருந்து வேணும். அடுத்த சனிக்கிழமை தொடங்குவம். படிப்பிக்கிறதை மெல்ல மெல்ல விடுங்கோ."

விடுவதா? அவர் மருந்தறையிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு பெண்கள் பாடசாலை. ஜூனிலிருந்து கணக்கு டீச்சர் வேண்டும் என்கிறார்கள். அதிபர் ஒரு கன்னியாஸ்திரி. மே கடைசியில் தன் முன்னால் ஒரு வகுப்பு எடுத்துக் காட்டச் சொல்லியிருக்கிறார். அக்கா இங்கு வந்தபின் ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

வீடு திரும்பி வெள்ளவத்தையில் இறங்கும்போது அக்கா: "பலகையில எழுத ஏலாட்டி நான் என்னத்துக்கு?"

மார்ச் 11, செவ்வாய்

மழை. கோட்டைப் பக்கம் வீதி மூடல், வழமையான மருந்துக்கடைக்குப் போக முடியவில்லை. அக்கா நாளும் விழுங்கும் தலைச்சுற்றுக் குளிசை ஓர் அட்டைதான் மிச்சம். காலி வீதியில் முஸ்லிம் நானா ஒருவரின் மருந்துக்கடையில் கேட்டேன்.

"எத்தின நாளைக்கு மிஸ்?"

"ரெண்டு மாசத்துக்கு."

கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு மாசமா! இது தலசுத்து, வயித்தப் பிரட்டி சத்தி எண்டா ரெண்டு மூணு நாளைக்குக் குடுக்கிற சாமான் மிஸ். எவ்வளவு காலமா குடிக்கிறாங்க?"

மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். "ரெண்டு வருசம்."

"யா அல்லா. கை கால் நடுங்கல்லையா?"

குடையை அவர் மேசையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

மார்ச் 12, புதன்

வேலை செய்வது ரசாயன ஆய்வுகூடத்தில் என்பதால் அங்கே நூலகத்தில் ஒரு மருந்தியல் புத்தகம் கிடக்கிறது. பழைய பதிப்பு, கரையான் அரித்தது. குளிசையின் பெயர் புரோகுளோர்பெரசின். இனிமேல் பு.கு.

பக்கவிளைவு: விறைப்பு, நடுக்கம், முகபாவம் இல்லாமை, இழுத்த நடை. பார்க்கின்சன்ஸ் நோயைப் போலவே இருக்கும். நீண்ட காலம் எடுத்தால், வயதானால், பெண்ணானால் கூடுதல். நிறுத்தினால் பெரும்பாலும் மாறும். "பெரும்பாலும்" என்ற இடத்தை மூன்று தரம் வாசித்தேன்.

நிபுணரிடம் காட்டப் பட்டியல்:

முதல் தலைச்சுற்று, யாழ்ப்பாணம். எழுதிக் கொடுத்தது ஒரு கிழமைக்கு, ஏழே நாள்.
பிறகு அங்கே கிடைக்கவில்லை. அக்கா எனக்குக் கடிதம்.
அனுப்பியது: நான்.
கொண்டுபோனவர்கள்: ஒரு பாதிரியார். என்னோடு கம்பசில் படித்த ஒருத்தி. கலியாணத்துக்குப் போன ஒரு பெண், சேலை மடிப்புக்குள்.
கொழும்பில் வாங்கிக் கொடுத்தது: நான்.
நிறுத்தச் சொன்னது: யாருமில்லை.

அப்போது எவ்வளவு பெருமைப்பட்டேன். இத்தனை சாவடி தாண்டியும் ஓர் அட்டைகூடத் தவறவில்லை என்று. அங்கே கிடைக்காத சாமான் என்பதால் நிறுத்தலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கிடைக்கும்வரை விழுங்கு, மிச்சத்தைச் சேர்த்து வை. சவர்க்காரம், மெழுகுதிரி, பற்றரி எல்லாம் அப்படித்தான். குளிசையும் அந்தக் கணக்கில் போய்விட்டது.

யார் சொன்னாலும் ஆதாரம் கேட்பவள் நான். குளிசைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த விவரத்தாளை ஒருநாளும் விரித்துப் பார்க்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கேட்டேன். "டொக்டரிட்டை ஏன் அந்தக் குளிசையைச் சொல்லேல்லை?"

"அது மருந்தே? தலைச்சுத்துக்குத்தானே."

"தலைச்சுத்து இப்ப இருக்கோ?"

"அது எப்பவோ விட்டிட்டுது."

"பிறகு ஏன் போடுறாய்?"

"நீ கஷ்டப்பட்டு அனுப்பினாய். எப்பிடி எறியிறது?"

சொல்லிவிட்டேன். நடுக்கம், நடை, எழுத்து, எல்லாம் அதனால் வந்ததாக இருக்கலாம் என்று. கேட்டுக்கொண்டிருந்தாள். கோபமா, கவலையா, நம்பவில்லையா? முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. தேநீரைக் குடித்து முடித்தாள். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் வைத்தாள்.

நாளைக்குக் கொட்டாஞ்சேனை இல்லை.

மார்ச் 20, வியாழன்

பெரியாஸ்பத்திரி, நரம்பியல் பிரிவு. ஐந்து மணிக்கே போய் வரிசை. நிபுணர் ஒரு சிங்களப் பெண், என்னைவிட இளையவர். ஆங்கிலத்தில் பேசினோம். அந்த மொழியிலேயே எழுதிக்கொண்டுபோன என் பட்டியலை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். "இதை எழுதியது யார்?" "நான்." "அனுப்பியது நீங்கள்தான் என்பதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்." "ஓம்." தலையசைத்தார். கோப்பில் வைத்துக்கொண்டார்.

பு.கு. பத்து நாளில் குறைத்து நிறுத்துவது. புதிய மருந்து இப்போதைக்கு வேண்டாம். மாறுவதற்கு மாதங்கள் ஆகலாம். உண்மையான பார்க்கின்சன்ஸ் உள்ளே இருக்கவும் கூடும், பொறுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அக்கா, காற்றுப்போன்ற குரலில்: "மே கடைசியில் எனக்கு ஒரு வகுப்பு இருக்கிறது."

"அதற்குள் சரியாகும் என்று நான் வாக்குத் தர முடியாது."

"நான் வாக்குக் கேட்கவில்லை. திகதியைச் சொன்னேன்."

அங்கேயே கட்டிப்பிடித்திருப்பேன். அவள் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 2, புதன்

பு.கு. நின்று மூன்று நாள். சத்தி, நித்திரைக் குறைவு. கொட்டாஞ்சேனை டொக்டருக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன். குளிசையின் பெயரைத் திருப்பிக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு: "குளிசை, பாணி மருந்து எண்டு பிரிச்சுப் பிரிச்சுக் கேட்டிருக்கவேணும். என்ரை பிழைதான் தங்கச்சி." அவர்மேல் மதிப்புக் கூடியது.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப்பிறப்பு. மாற்றமில்லை. பொங்கல் அடிப்பிடித்தது.

அக்கா காலையில் சமையலறைச் சுவரில் சோக்கால் 8 என்ற இலக்கத்தைத் திரும்பத் திரும்பப் போடுகிறாள். ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவு. பத்தாவது எட்டு முட்டை அளவுக்கு வந்துவிடும். துடைத்துவிட்டு மறுபடி. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மாமி எட்டிப் பார்த்து: "வீட்டுக்காரன் கண்டா வீட்டை விட்டு எழுப்பிப் போடுவான்." அக்கா திரும்பவில்லை. எட்டு.

ஏப்ரல் 27, ஞாயிறு

எழுத வேண்டிய நாள். புட்டு அவித்தேன், மா குழைந்துவிட்டது. அக்கா ஒரு வாய் வைத்தாள். நெற்றி சுருங்கியது. மூக்கு ஏறியது. வாய் கோணியது.

"இதென்ன, சீமெந்தோ?"

முகம் சுளிக்கிறாள்! இன்னொரு பிடி வை என்றேன். அவ்வளவுதான், ஆறு கிழமையாக வழி கிடைக்காமல் நின்ற கோபம் முழுவதும் வந்தது.

"என்னடி சிரிக்கிறாய்? கெமிஸ்ட்ரி படிச்சவவாம்! பெட்டிக்குள்ள கிடந்த பேப்பரை ஒருக்கா விரிச்சுப் பாத்தியோ?"

"இல்லை."

"என்ரை வகுப்பில ஒரு பிள்ளை இப்பிடிச் செய்தா முட்டைதான் போடுவன்."

"போடு."

நிறைய ஏசினாள். கண், புருவம், கன்னம், எல்லாவற்றாலும். கடைசியில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு: "நானும் பாக்கேல்லைத்தான்."

மாமி சுவரில் தட்டி, என்ன சண்டை என்று கேட்டார்.

மே 11, ஞாயிறு

எட்டுகள் இருபது வரை ஒரே அளவு. நடையில் இழுவை குறைவு. வலது கை சும்மா இருக்கும்போது இன்னும் நடுங்குகிறது. வியாழக்கிழமை நிபுணரிடம் போனோம், "நல்ல அறிகுறி" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. அதுவே சரி.

வாங்க: சோக். தேங்காய். அக்காவின் சேலைக்குக் கஞ்சி.

மே 27, செவ்வாய்

காலை தூறல், பிறகு வெயில். லீவு போட்டேன். அக்கா வேண்டாமென்றாள். போனேன்.

பத்தாம் வகுப்பு, நாற்பது பேரளவில். அதிபருக்குக் கடைசி வரிசையில் கதிரை, எனக்குப் பக்கத்தில் ஒன்று. வட்டத் தேற்றம். பலகைக்குப் போகுமுன் அக்காவின் கை சோக்கோடு ஆடியது. முன்வரிசையில் ஒரு துடுக்குப் பெண்: "மிஸ், கை நடுங்குது."

"ஓம், நடுங்குது" என்றாள் அக்கா. "அது என்ரை பாடு. நீ வட்டத்தைப் பார்."

போட்டாள். தொடங்கிய இடத்திலேயே வந்து முடிந்தது. நிறுவலின் கடைசி வரி முதல் வரியின் உயரத்தில். நான் அளந்துகொண்டே இருந்தேன். ஒருத்தி பிழையான விடை சொன்னதும் அக்கா முகத்தை அஷ்டகோணலாக்கினாள், வகுப்பே சிரித்தது. என் பக்கம் ஒருதரமும் பார்க்கவில்லை. கண்ணாடியைத் துடைத்தேன். துடைக்க ஒன்றுமில்லை.

மணி அடித்ததும் வராந்தாவில் அதிபர்: "ஜூன்ல வாங்கோ டீச்சர். ஒண்டு மட்டும். சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க ஏலுமோ? பக்கத்து வகுப்பில சமயபாடம். அந்தப் பிள்ளையளெல்லாம் உங்கடை தேற்றத்தை எழுதிக்கொண்டிருந்ததுகள்."

"ஏலாது சிஸ்டர்" என்றாள் அக்கா.